பவளம் என்ன நிறம்?

"சித்தப்பா, எல்லாமே பழுப்பா இருக்கு!"

படகின் அடியில் பதித்த கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, ஏமாற்றம் தாங்காமல் கத்தினாள் என் அண்ணன் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அது மாசி மாதம். மண்டபம் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா குளம்போல் அலையில்லாமல் கிடந்தது. தண்ணீருக்குள் ஓர் ஆள் ஆழத்தில் பவளப் பாறை தெளிவாகத் தெரிந்தது. மான்கொம்புபோல் கிளைத்தது ஒன்று, மூளைபோல் மடிப்பு விழுந்தது ஒன்று, கூடையைக் கவிழ்த்ததுபோல் உருண்டு திரண்டது ஒன்று. வடிவத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. நிறம் மட்டும் கருப்பட்டிப் பழுப்பு, காப்பிப் பழுப்பு, பச்சை தட்டிய பழுப்பு, மஞ்சளை நோக்கிப் போகும் பழுப்பு. ஓரிடத்தில் மட்டும் கிளைகளின் நுனி கத்திரிப்பூ நிறத்தில் மினுங்கியது.

அவள் புத்தகத்தில் பார்த்த படத்தில் பவளப் பாறை திருவிழாக் கடைபோல இருந்ததாம். சிவப்பு, ஊதா, ரோஜா, பச்சை என்று எல்லாம் இருந்ததாம்.

சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாப்பா, அந்தப் பழுப்பு இருக்கற வரைக்கும்தான் பார் உசுரோட இருக்கு. வெள்ளையாப் போச்சுன்னாதான் எங்களுக்கு வயித்தக் கலக்கும்" என்றார். நாம் பவளப் பாறை என்று சொல்வதை அந்தப் பக்கத்து மீனவர்கள் 'பார்' என்பார்கள்.

அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதை நான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். பவளங்களுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? சிலவற்றில் பளபளப்பு எப்படி? அந்தப் பழுப்பில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில், அவள் ஏன் ஏமாந்தாள் என்று பார்ப்போம். பெயர்தான் அவளை ஏமாற்றியது. பவளம் என்றதும் நமக்கு மனத்தில் வருவது சிவப்பு. பவள மாலை, பவள மோதிரம், நவரத்தினங்களில் ஒன்று. அந்தச் சிவப்புப் பவளம் மன்னார் வளைகுடாவில் விளைவதில்லை. அது மத்தியதரைக் கடலில், இத்தாலி, பிரான்ஸ், அல்ஜீரியா போன்ற நாடுகளின் கரையோரத்தில், வெளிச்சம் குறைந்த குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வணிகர்கள் அந்தப் பவளத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்று, இங்கிருந்து வைரம் வாங்கிப்போனார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது.

அந்தச் சிவப்பு எலும்பின் சிவப்பு. அதாவது அந்த உயிர் கட்டும் சுண்ணாம்புத் தண்டிலேயே சிவப்புச் சாயம் கலந்திருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் சாயத்துக்கு அது தூரத்து உறவு. உயிர் போன பிறகும் நிறம் போகாது. அதனால்தான் அதை மணியாகக் கடைந்து கழுத்தில் போட்டுக்கொள்ள முடிகிறது.

நம் கடலில் பாறையாக வளரும் பவளங்களின் எலும்பு தும்பைப்பூ வெள்ளை. அவற்றை இலங்கைத் தமிழர்கள் 'முருகைக்கல்' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. முருகைக்கல் என்று சொன்னால் யாரும் சிவப்பை எதிர்பார்க்க மாட்டார்கள், ஏமாறவும் மாட்டார்கள்.

பவளம் ஒரு விலங்கு என்பதையே உலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. 1706-இல் மார்சிலி என்ற இத்தாலிய அறிஞர், கடல் தண்ணீரில் போட்டுவைத்த சிவப்புப் பவளத்தின்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ விரிவதைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எட்டு இதழ். "பவளம் பூத்துவிட்டது, ஆகவே அது செடி" என்று முடிவு கட்டினார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, மார்செய் நகரத்து மருத்துவர் பெசொனெல் அதையே இன்னும் பொறுமையாகப் பார்த்தார். தொட்டால் அந்தப் 'பூ' சட்டென்று சுருங்கியது. விட்டால் மறுபடி விரிந்தது. பூ அப்படிச் செய்யாதே! அது பூ அல்ல, குட்டி விலங்கு என்று அவர் எழுதினார். பாரிஸ் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு அவர் சொன்னதுதான் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் குட்டி விலங்குக்குப் பாலிப் என்று பெயர். ஜெல்லி மீன் என்று நாம் சொல்லும் கடல் சொறிக்கு அது நெருங்கிய சொந்தம்.

பாலிப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு சின்னப் பைபோல இருக்கும். மேலே வாய், வாயைச் சுற்றிக் கைகள். பல வகைகளில் அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். தன் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து தனக்கு ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் மான்கொம்பும் மூளையும் கூடையும்.

இப்போது ஒரு கேள்வி. கிண்ணம் வெள்ளை. பாலிப்பின் சதையோ நுங்கைப்போல் ஒளி ஊடுருவுவது. வெள்ளைக் கிண்ணத்தில் நுங்கு வைத்தால் என்ன நிறம் தெரியும்? வெள்ளைதான் தெரியவேண்டும். அப்படியானால் பழுப்பு எங்கிருந்து வந்தது?

உள்ளே குடியிருப்பவர்களிடமிருந்து வந்தது. பாலிப்பின் சதைக்குள், அதன் செல்களுக்கு உள்ளேயே, ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. ஜூஸாந்தெல்லே என்று அவற்றைக் குறிப்பிடுவார்கள். உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுள்ள பவளப் பரப்பில் பத்து லட்சம் பாசிகளும் அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு பெரிய நகரத்தின் மக்கள்தொகை உங்கள் நகத்துக்குள்!

இந்தப் பாசி செடியைப்போலவே வெயிலில் உணவு தயாரிக்கும். தயாரித்ததில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளத்துக்குத் தேவையான சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை இப்படிக் கிடைக்கும். பதிலுக்குப் பவளம் அதற்கு இருக்க இடம் தருகிறது, தன் கழிவை உரமாகத் தருகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு நல்ல எரு. நம் ஊரில் மாட்டுக்கும் வயலுக்கும் உள்ள உறவுபோலத்தான்.

செடிகள் எல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்தப் பாசி ஏன் பழுப்பு? இதிலும் பச்சையம் உண்டு. அதோடு பெரிடினின் என்ற செங்கல் நிறச் சாயமும், மஞ்சள் சாயங்கள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. பச்சையும் செம்மஞ்சளும் கலந்தால் பழுப்பு வரும். உங்கள் வண்ணப்பெட்டியை எடுத்துக் கலந்து பாருங்கள், தெரியும்.

பெரிடினின் அங்கே வீணாக இருக்கவில்லை. வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு தீர்ந்துபோகும். நீலமும் நீலப்பச்சையும்தான் ஆழம்வரை போய்ச் சேரும். அந்த நீலப்பச்சை வெளிச்சத்தைப் பிடிப்பதில் பச்சையம் கெட்டிக்காரன் அல்ல, பெரிடினின் கெட்டி. ஆகவே, அந்தப் பழுப்பு கடலுக்கடியில் வெயிலைப் பிடிக்கும் வலை. நிழலில் வளரும் பவளம் பல நேரம் கறுத்த பழுப்பாக இருப்பதும் இதனால்தான். வெளிச்சம் குறைவு என்றால் வலையை அடர்த்தியாகப் பின்னவேண்டும் அல்லவா?

சிவப்பு தீர்ந்துபோகும் என்று சொன்னேனே, இன்னொன்றும் அதனால் புரியும். பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் சிவப்புப் பொருள் நம் கண்ணுக்குக் கறுப்புபோலத்தான் தெரியும். படம் எடுப்பவர்கள் கூடவே பெரிய விளக்கைக் கொண்டுபோவார்கள். புத்தகத்தில் திருவிழாபோலத் தெரியும் படங்களில் பாதி அழகு அந்த விளக்கு தந்தது. மீனுக்கும் ஆமைக்கும் அங்கே அந்த நிறங்கள் அப்படித் தெரிவதில்லை.

சரி, கிளை நுனியில் பார்த்த அந்தக் கத்திரிப்பூ நிறம்? அது பாசியினுடையது அல்ல. பவளமே தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளும் நிறம். அதன் கதை நீளமானது. எனக்குச் சொல்லச் சொல்லச் சலிக்காத கதையும்கூட.

முதலில் வீட்டில் ஒரு சோதனை. ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்குங்கள். தூள் அடியில் தங்கட்டும். மேலே தெளிந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு, ரூபாய் நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கும் ஊதா விளக்கு உள்ள கடைக்கு அம்மாவோடோ அப்பாவோடோ போங்கள். இருட்டான மூலையில் விளக்கை எண்ணெய்மேல் காட்டச் சொல்லுங்கள். விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, எண்ணெயைத்தான் பார்க்கவேண்டும். மஞ்சள் எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாகத் தகதகவென்று ஒளிரும். பக்கத்தில் வெறும் தேங்காய் எண்ணெயை வைத்துப் பாருங்கள், அதில் அந்தத் தகதகப்பு இருக்காது. என் அண்ணன் மகள் இந்தச் சோதனையை ஒரே மாலையில் நான்கு தடவை செய்தாள். கடைக்காரர் முகம் கோணாமல் விளக்கைப் பிடித்தார்.

என்ன நடந்தது? நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை மஞ்சள் விழுங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியாக வெளியே விட்டது. மாடியிலிருந்து பந்தைக் கீழே போட்டால் அது பழைய உயரத்துக்கு எழும்பாது, கொஞ்சம் தாழ்வாகத்தான் எழும்பும். ஒளியும் அப்படியே. ஊதா, நீலம் எல்லாம் சக்தி அதிகமுள்ள ஒளிகள். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சக்தி குறைந்தவை. உயரத்திலிருந்து விழுந்த ஒளி கொஞ்சம் சக்தியை இழந்து, தாழ்ந்த படியில் உள்ள நிறமாகத் திரும்பி வருகிறது. இதற்கு ஒளிர்வு என்று பெயர். மின்மினி செய்வது இதுவல்ல. மின்மினி தானே ஒளியை உண்டாக்கும். இங்கே வெளியிலிருந்து ஒளி வந்தால்தான் ஒளிர்வு, விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும்.

பல பவளங்களின் சதையில் இப்படி ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. இரவில் நீல விளக்கோடும் மஞ்சள் கண்ணாடியோடும் முக்குளிப்பவர்கள், பகலில் மங்கலாக இருந்த பவளம் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் எரிவதைப் பார்க்கிறார்கள்.

இந்தப் புரதத்தை உலகம் முதலில் கண்டது ஜெல்லி மீனில். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1961-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பர் கடற்கரையில் சுமார் பத்தாயிரம் ஜெல்லி மீன்களைச் சேகரித்தார். பிந்திய கோடைகளில் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வலை பிடித்தார்கள். அவர் தேடியது ஜெல்லி மீன் தானே உண்டாக்கும் நீல ஒளிக்குக் காரணமான பொருளை. அதைப் பிரித்தெடுத்தபோது கூடவே பச்சையாக ஒளிரும் ஒரு புரதமும் சிறிதளவு கிடைத்தது. அதையும் தூக்கி எறியாமல் குறித்துவைத்தார். அந்தப் பச்சைப் புரதத்துக்காக 2008-இல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பச்சை கிடைத்துவிட்டது. சிவப்பு? அதை மாஸ்கோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதற்காக அவர்கள் கடலுக்குப் போகவில்லை. மாஸ்கோவில் மீன் தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்த பவளங்களிலும் அவற்றின் உறவினங்களிலும் தேடினார்கள். ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்துக்குச் சொந்தக்காரப் புரதங்கள் அங்கே வரிசையாகக் கிடைத்தன. சிவப்பாக ஒளிர்வதும் அவற்றில் ஒன்று. 1999-இல் அந்தச் செய்தி வெளியானது. கடலே இல்லாத ஊரில், ஒரு மீன் தொட்டியிலிருந்து!

இன்னொரு சம்பவம். ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பவளத்திலிருந்து பச்சைப் புரதம் எடுத்து, அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் அது சிவப்பாக மாறியிருந்தது. மேசைமேல் பட்ட வெளிச்சம்தான் காரணம். ஊதா ஒளி பட்டால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் புரதம் அது. இலையுதிர் காலத்தில் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் மேப்பிள் மரத்தின் ஜப்பானியப் பெயரான 'கயெதே' என்பதையே அதற்கு வைத்தார்கள். இது 2002-இல் வெளியான கண்டுபிடிப்பு.

ஒரே குடும்பத்துப் புரதம் எப்படி இத்தனை நிறம் காட்டுகிறது? இந்தப் புரதம் ஒரு பீப்பாயின் வடிவத்தில் இருக்கும். பதினொரு பட்டைகள் சேர்ந்து பீப்பாயின் சுவராகும். நடுவில் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பின்னி நிறம் தரும் முடிச்சாகின்றன. முடிச்சிலோ அதைச் சுற்றியோ சின்ன மாற்றம் வந்தால் போதும், பச்சை நீலப்பச்சையாகும், சிவப்பாகும். சில புரதங்கள் ஒளிர்வதையே விட்டுவிட்டு, வெறும் நிறமாக நின்றுவிடும். நாங்கள் படகிலிருந்து பார்த்த கத்திரிப்பூ நிறம் அந்தக் கடைசி வகை. ஊதா, நீலம், ரோஜா நிறங்கள் பெரும்பாலும் அப்படி வருபவைதான்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பவளம் ஏன் நிறம் தயாரிக்கவேண்டும்? அழகுக்கு அல்ல. பவளத்தின் நிறங்களை ஆராய்ந்த ஜப்பானியர் சிரோ கவாகுச்சி, பசிபிக் கடலின் பலாவு தீவுகளில் இருந்து 1944-லேயே ஒரு விடை சொன்னார். கடும் வெயிலிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தச் சாயங்கள் என்றார். பிந்திய ஆய்வுகள் அதற்கு நிறையச் சான்று சேர்த்தன. ஆழம் குறைந்த இடத்தில் வெயில் அளவுக்கு மீறிப் போகும். செடிக்கும் பாசிக்கும் வெயில் வேண்டும்தான், ஆனால் தாங்க முடியாத வெயில் அவற்றைச் சேதப்படுத்தும். அப்போது பவளம் தன் குடியிருப்பாளருக்குக் குடை பிடிக்கிறது. கிளையின் வெயில் படும் பக்கம் ஊதாவாகவும் நிழல் பக்கம் பழுப்பாகவும் இருப்பதைச் சில பவளங்களில் காணலாம்.

நுனி மட்டும் ஏன் நிறமாக இருக்கிறது என்பதும் இப்போது தெளிவாகும். நுனிதான் புதிதாக வளரும் இடம். அங்கே பாசிகள் இன்னும் முழுதாகக் குடியேறவில்லை. வெயிலை உறிஞ்ச ஆள் இல்லாததால், உள்ளே புகுந்த ஒளி வெள்ளை எலும்பில் பட்டு இங்கும் அங்கும் சிதறி இன்னும் அதிக வெளிச்சமாகிறது. அந்தத் தளிர்ச் சதையைக் காப்பாற்றத்தான் கத்திரிப்பூ நிறக் குடை. பாசிகள் நிரம்பக் குடியேறிய பிறகு அந்த இடமும் பழுப்பாகும். மாமரத்துத் தளிர் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பிறகு பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆழத்தில் கதை நேர்மாறு. அங்கே வெயில் போதாது, வருவதும் நீல ஒளி மட்டும். நீல ஒளியை மேலே உள்ள பாசிகளே முழுதும் விழுங்கிவிட்டால் சதையின் உள்ளே இருப்பவர்களுக்குப் பட்டினி. சில ஆழ்நீர்ப் பவளங்களில் ஒளிரும் புரதம் அந்த நீலத்தைச் செம்மஞ்சளாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. செம்மஞ்சள் ஒளி சதைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். மேலே குடை, கீழே விளக்கு. ஒரே குடும்பத்துப் புரதத்துக்கு இரண்டு வேலை.

ஒரே வகைப் பவளம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்று செக்கச் சிவப்பாக, ஒன்று வெளிறிய நிறத்தில் இருப்பது விஞ்ஞானிகளுக்கே நெடுநாள் புதிராக இருந்தது. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அதற்கு விடை சொன்னார்கள். நிறப் புரதத்துக்கான மரபணுவைப் பவளம் பல பிரதிகள் வைத்திருக்கிறது. எத்தனை பிரதிகள் வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் கூடும், குறையும்.

எல்லாப் பவளமும் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. நீலப் பவளம் என்று ஒன்று இருக்கிறது. ஜப்பானின் இஷிகாக்கித் தீவில் ஷிரஹோ என்ற இடத்தில் அது பெரும் காடுபோல வளர்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் சாதாரணப் பழுப்பு. உடைந்த துண்டைப் பார்த்தால் எலும்பு முழுக்க நீலம்! அந்த நீலத்துக்கு மூலம் பிலிவெர்டின் என்ற சாயம். கீழே விழுந்து அடிபட்ட இடம் சில நாள் கழித்துப் பச்சையாகக் கன்றுகிறதே, அதற்கும் பிலிவெர்டின்தான் காரணம். உங்கள் முழங்கால் காயமும் பசிபிக் கடலின் பவளமும் ஒரே சாயத்தைப் பயன்படுத்துகின்றன. செம்மஞ்சளாகச் சூரியனைப்போல இருக்கும் சூரியப் பவளமோ பாசியே வைத்துக்கொள்வதில்லை. இரவில் கையை விரித்து மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது.

இனி வெள்ளை. படகுக்காரருக்கு வயிற்றைக் கலக்கும் நிறம்.

கடல் தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நின்றால் போதும். பாசியின் உணவு தயாரிக்கும் வேலை குழம்பிப்போகும். உணவுக்குப் பதில் நச்சுப் பொருட்கள் உருவாகும். பவளம் வேறு வழியில்லாமல் பாசியை வெளியேற்றிவிடும். பழுப்பு போய்விட்டால் மிஞ்சுவது ஒளி ஊடுருவும் சதையும் அதற்கு அடியில் தெரியும் வெள்ளை எலும்பும்தான். இதைத்தான் பவளம் வெளிறுதல் என்கிறார்கள்.

வெளிறிய பவளம் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் மறுபடி வரும், பழுப்பு திரும்பும். குளிரவில்லை என்றால் பட்டினியில் சாகும். பிறகு அதன்மேல் வேறு பாசி, நூல் நூலாகப் படர்ந்து மூடும். அதுவும் கொஞ்சம் பழுப்பாகவும் பச்சையாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உயிருள்ள பவளத்தில் பாலிப்களின் கிண்ணங்கள் ஒழுங்காகப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். செத்ததன்மேல் பஞ்சு படர்ந்ததுபோல் இருக்கும்.

மன்னார் வளைகுடாவில் கோடைதோறும், சித்திரை, வைகாசியில், தண்ணீர் 30 டிகிரிக்குமேல் சூடேறும்போது கொஞ்சம் வெளிறுவதும் பிறகு தேறுவதும் நடக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தது. ஏராளமான பவளங்கள் தேறவே இல்லை. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பவளங்கள் வெளிறுகின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அப்படி உலகளாவிய அளவில் நடப்பது அது நான்காவது முறை.

வெளிறும் பவளங்கள் எல்லாம் வெள்ளையாவதும் இல்லை. 2016-இல் பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவில் பவளங்கள் திடீரென்று ஊதாவும் நீலமும் மஞ்சளுமாகப் பளபளத்தன. பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். அவ்வளவு அழகு! அது வலியின் அழகு என்பது 2020-இல் தெளிவாயிற்று, அதே சௌத்தாம்ப்டன் ஆய்வுக்கூடத்தில். லேசான சூட்டுக்குப் பாசிகள் போய்விட்டால், நுனியில் சொன்னேனே, அதேபோல வெளிச்சம் உள்ளே சிதறிப் பெருகும். உடனே பவளம் தன் குடைப் புரதத்தைத் தாராளமாகத் தயாரிக்கும். குடை விரிந்தால் சூடும் வெளிச்சமும் தாங்கமுடியாமல் போன பாசிகள் திரும்பி வர வழி கிடைக்கும். பாசிகள் வந்து வெளிச்சத்தை உறிஞ்சத் தொடங்கியதும் குடை மெல்லச் சுருங்கும். பவளம் மீண்டும் பழுப்பாகும். பழுப்பானால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதை நான் அண்ணன் மகளுக்குப் படகிலேயே சொன்னேன். அவள் மறுபடி கண்ணாடியில் முகத்தை வைத்தாள். இந்த முறை கத்தவில்லை. "எத்தனை வகைப் பழுப்பு இருக்கு சித்தப்பா" என்றாள். எண்ணத் தொடங்கினாள்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986-இல் அவை தேசியப் பூங்கா ஆயின, 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள், வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் சுண்ணாம்பு வேண்டும் என்று இந்தப் பாரைக் கடப்பாரையால் பெயர்த்து வண்டி வண்டியாக ஏற்றினார்கள். பாருக்கு நடுவே இருந்த இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், இன்று தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்றதே பார்தான். இப்போது தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, இழந்த இடங்களில் நாற்று நடுவதுபோல் நட்டுவருகிறார்கள்.

பவளப் பாறைகளுக்கு இந்தியச் சட்டம் புலிக்குத் தரும் அதே பாதுகாப்பைத் தருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே அவை சேர்ந்துவிட்டன. எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. ஆகவே, ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ போகும்போது யாராவது வெள்ளைப் பவளத் துண்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தண்ணீரில் இறங்கினால் பார்மேல் கால் வைக்காதீர்கள், உங்கள் ஒரு மிதிக்கு அடியில் ஆயிரம் பாலிப் இருக்கும். கண்ணாடிப் படகில் போகக் கிடைத்தால், கீழே பழுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படகுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் சந்தோஷப்படுவார்.